அப்பாவின் 1053 ஐ மீட்டுத் தந்தவர்களுக்கு

பருத்தித்துறை மாமாவுக்கும், நெல்லியடிக் கராஜ் தம்பிக்கும், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை நானாவுக்கும், என் சித்தியின் மகளுக்கும்,

உங்களில் பலர் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எங்கள் காரின் ஏரியலைத் திருத்தி, அப்பா கேட்கும் தூத்துக்குடி வானொலியை, அதுதான் அந்த 1053, மீட்டுத் தர ஆளுக்கு ஒரு துண்டு வேலை செய்தீர்கள். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எல்லோருக்கும் ஒரே இடத்தில் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

எங்கள் கார் 1990களில் ஜப்பானில் ஓடி, பிறகு ரீகண்டிஷனாக இலங்கைக்கு வந்த டொயோட்டா. அதோடு வந்த ரேடியோவில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அது அன்றைய ஜப்பானின் கணக்கு. நமது நிலையங்கள் 88 இல் தொடங்கி 108 வரை போவதால் பெரும்பாலானவை அந்த ரேடியோவுக்கு எட்டவே எட்டாது. அப்பாவுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. பின்னேரம் காருக்குள் போய் இருந்து, திறப்பைப் பாதி திருப்பி, ரேடியோவைப் போட்டதும் மோட்டாரால் தானே நீளும் ஏரியல் கம்பி எழும்பி முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, மத்திய அலையில் தூத்துக்குடி வானொலியைப் பிடிப்பார். 1053 கிலோஹெர்ட்ஸ். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட மனிதர் அவர். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இந்தக் கார்ப் பின்னேரங்கள்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு புது ரேடியோ செட் வாங்கிப் பூட்டுவித்தேன். அன்றோடு ஏரியல் எழும்புவது நின்றுபோனது. பூட்டிய இடத்தில் மோட்டார் எரிந்துவிட்டது என்றார்கள். கண்ணாடியில் ஒட்டும் சின்ன ஏரியல் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். எஃப்.எம். நன்றாகவே கேட்டது. 1053 இல் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பா ஒரு சொல் குறை சொல்லவில்லை. காரடிக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டார். எட்டு மாதம்.

மாமா, உங்களிடம் வந்தபோது புது மோட்டார் என்ன விலை என்றுதான் கேட்டேன். "எரிஞ்சது எண்டு ஆர் பாத்தது?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். மட்காட்டுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் சொக்கெட்டை வெளியே எடுத்து, அதிலிருந்த மூன்று வயர்களையும் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஒன்று பற்றரியிலிருந்து எப்போதும் வருவது. செட்டை நிறுத்திய பிறகும் ஏரியல் கீழே இறங்க வேண்டுமே, அதற்கு அது தேவை. ஒன்று எர்த், கரண்ட் காரின் உடம்பு வழியே திரும்பிப் போகும் வழி. மூன்றாவது, ரேடியோ போட்டதும் "எழும்பு" என்று சொல்லும் சிக்னல். மீட்டரில் முதலாவது 12.4 வோல்ட். சிக்னல் பூச்சியம்.

அங்கிருந்து டாஷ்போர்டுக்குப் போனீர்கள். புதுச் செட்டின் நீல வயர் டேப் சுற்றியபடி ஒரு பக்கம் கிடந்தது. காரின் ஏரியல் வயர் எதிலும் சேராமல் இன்னொரு பக்கம் தொங்கியது. இவ்வளவுதானா என்று நான் சந்தோஷப்பட, நீங்கள் அவசரப்படவில்லை. நீல வயரால் சிக்னல் மட்டும்தான் தர முடியும், மோட்டார் இழுக்கிற கரண்டை அது தாங்காது, செட்டே போய்விடும் என்று சொன்னீர்கள். எங்கள் மோட்டாரின் கூட்டுக்குள்ளேயே ரிலே, அதாவது சின்னச் சிக்னலால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச், இருக்கிறது என்பதை உறுதிசெய்த பிறகுதான் இரண்டையும் இணைத்தீர்கள்.

சிக்னல் வந்தது. மோட்டார் அசையவில்லை. மூன்று வயரும் மீட்டரில் சரி. நானாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மோட்டார் செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பேன். நீங்கள் என்னிடம், "புதுச் செட் பூட்ட முந்தி ஏரியல் எப்பிடி எழும்பினது?" என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஒரு வருடமாகவே மெல்ல மெல்லத்தான் எழும்பிக்கொண்டிருந்தது. உடனே 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றை எடுத்து அந்தச் சொக்கெட்டின் பற்றரி வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவில் பிடித்தீர்கள். இழை சிவந்ததே தவிர வெளிச்சம் இல்லை. பல்ப்பைப் பிடித்தபடியே மீட்டரை வைத்தபோது 12.4 இருந்த இடத்தில் 3 தான் காட்டியது. காரின் உடம்புத் தகட்டில் ஓரிடத்தைச் சுரண்டி, எர்த் பக்கத்தை மட்டும் அதில் தொட்டதும் பல்ப் பளீரென்று எரிந்தது.

மீட்டர் கரண்டே இழுப்பதில்லை என்று சொல்லலாம், அதனால் துருவேறிய வயரிலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும், வேலை வாங்கினால்தான் வயரின் உண்மை தெரியும் என்று நீங்கள் சொல்லித் தந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மட்காட்டுக்குள் எர்த் வயரின் வளையம் பச்சை பூத்துப்போய் இருந்தது. கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக்காற்றும் ஒரு மாரியும் போதுமாயிருந்திருக்கின்றன. சான்ட் பேப்பரால் தேய்த்து, புது வளையம் அழுத்தி, மேலே வாஸ்லின் பூசினீர்கள்.

மோட்டார் பாடியது! கம்பி பாதி வரை வந்து நின்றுவிட்டது.

நெல்லியடித் தம்பி, அடுத்தது நீங்கள். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த கம்பியைத் தள்ளப் போய், அதை ஏற்றி இறக்கும் பல் வைத்த நைலோன் நாடா அறுந்துவிட்டது. பலர் முழு அலகையும் மாற்றச் சொல்வார்கள். நீங்கள் மோட்டாரைத் திறந்து, உள்ளே சிக்கியிருந்த அறுந்த துண்டை எடுத்து, கம்பி மட்டும் கிடைத்தால் போதும் என்றீர்கள்.

நானா, அந்தக் கம்பிக்காக உங்களுக்குத் தொலைபேசியில் எத்தனை தரம் தொல்லை தந்திருப்பேன்! பழையதை அளந்து படம் அனுப்பச் சொல்லி, பல்லின் இடைவெளி ஒத்துப்போகவில்லை என்று முதலில் எடுத்த ஒன்றைத் திருப்பி வைத்து, இரண்டு நாள் தேடி, யாழ்ப்பாண பஸ்ஸில் போட்டுவிட்டீர்கள். பஸ் காசைக் கடைசிவரை வாங்கவில்லை.

தம்பி, கம்பி வந்த அன்று நீங்கள் செய்ததை அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். மேல் நட்டைக் கழற்றி, நாடா அறுந்த பழைய கம்பியைக் கையால் இழுத்து எடுத்து, ரேடியோவைப் போட, மோட்டார் சுற்றியது. புது நாடாவின் பல்லை உள்ளே பார்த்து இறக்கி, ரேடியோவை நிறுத்த, அதுவே பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பிக்குக் கிரீஸ் பூசாதீர்கள், புழுதி ஒட்டி மறுபடி இறுகும், துணியால் துடைத்தால் போதும் என்று அப்பாவிடம் இரண்டு தரம் சொன்னீர்கள். இப்போது கிழமைக்கு ஒருமுறை துடைக்கிறார்.

அதற்குப் பிறகும் 1053 இல்லை. 1050 இருந்தது, 1060 இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. தங்கச்சி, நீ இல்லாவிட்டால் அன்று இரவு நான் அழுதிருப்பேன். செட்டின் புத்தகத்தை வாசித்து, அது அமெரிக்கக் கணக்கில் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸாகத் தாவுகிறது, நமக்கு ஒன்பது ஒன்பதாகப் போக வேண்டும் என்று கண்டுபிடித்தாய். பிரதேசத்தை ஆசியா என்று மாற்றியதும் 1053 வந்து நின்றது.

இவ்வளவு நீளக் கம்பி எதற்கு என்று நான் கேட்டதற்கு மாமா சொன்ன கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன். எஃப்.எம். அலையின் நீளம் மூன்று மீட்டர் அளவு, அதன் காற்பங்குக் கம்பி காரில் அடங்கும். 1053 இன் அலை ஏறத்தாழ 285 மீட்டர். அதற்கு எந்தக் கார்க் கம்பியும் குட்டைதான், ஆகவே ஒவ்வொரு அங்குலமும் கணக்கு.

போன வெள்ளி பின்னேரம் அப்பா தனியாகக் காருக்குள் போய் இருந்தார். மோட்டார்ச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. கடலுக்கு அந்தப் பக்கத்துக் குரல் முற்றம்வரை வந்தது. உங்கள் நான்கு பேருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

மாமா, உங்கள் பல்ப்பும் அதன் வயரும் எங்கள் காரிலேயே தங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கொண்டுவந்து தருவார்.