வரிசையில் எத்தனையாவது ஆள் என்று சொல்லுங்கள்

மத்திய, ஊவா மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பணிபுரியும் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். எங்கள் லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே வருடத்தில் குடலிறக்கம், அதாவது ஹேர்னியா. ஒருவர் என் அப்பா. மற்றவர் பக்கத்துக் காம்பரா பெரியம்மா. அப்பாவுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி ஒபரேஷன் செய்தோம். பெரியம்மா அரசாங்க ஆஸ்பத்திரிப் பட்டியலில் காத்திருந்தார். காத்திருந்திருக்கலாம் என்றால் அது அப்பாதான். காத்திருக்கவே கூடாதவர் பெரியம்மா. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு ஆஸ்பத்திரியைக் காட்டிக் கொடுத்தால் தீருகிற பிரச்சினை இல்லை இது.

அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறவர். உர மூட்டை தூக்கி மலை ஏறுகிற வேலையும் பார்த்தவர். இடது கவட்டில் சிறு வீக்கமாக வந்தது, மூன்று வருடத்தில் கோழி முட்டை அளவுக்கு ஆனது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நடந்தால் திரும்ப இறங்கும். அந்தியானால் வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்பினார்கள். விடிய நாலு மணி பஸ். கிளினிக்கில் ஒரு நாள் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. முதல் தடவை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை பட்டியலில் பேர் பதிந்தார்கள். எப்போது என்று கேட்டதற்கு, “பிறகு சொல்லுவோம்.” மூன்றாம் தடவையும் அதே பதில். நாலாம் தடவை திகதி கொடுத்தார்கள். அந்த நாள் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்திருந்தார். அவசரக் கேஸ்கள் வந்துவிட்டன, இன்றைக்கு இல்லை என்று மத்தியானம் சொன்னார்கள்.

அவசரக் கேஸை முதலில் எடுத்தது சரிதான். அதில் எங்களுக்குக் கோபம் இல்லை. அடுத்த திகதி எப்போது என்று அந்த இடத்தில் யாராலும் சொல்ல முடியாமல் போனதுதான் வலித்தது.

அதற்குப் பிறகுதான் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி வைத்தியரைத் தனியாகப் பார்த்தோம். அரசாங்க வைத்தியர்கள் வேலை நேரம் முடிந்து தனியாக நோயாளி பார்க்க 1977 முதல் அனுமதி இருக்கிறது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. கிளினிக்கில் இரண்டு நிமிடம் பார்த்த அதே வைத்தியர் அன்று பின்னேரம் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினார். நல்ல மனிதர். “ஐயா, உங்களுக்கு இது அவசரம் இல்லை. பாரம் தூக்காம இருந்தா பயப்படாம காத்திருக்கலாம்” என்றார். அப்பா கேட்டார்: “காத்திருக்கிறேன் டொக்டர். எது வரைக்கும்னு மட்டும் சொல்லுங்க.”

அவரால் சொல்ல முடியவில்லை. பட்டியல் அவர் கையில் இல்லை.

அம்மாவின் சங்கிலியும் என் வளையல்களும் அடகுக்குப் போயின. தம்பி கொழும்புக் கடையில் முன்பணம் வாங்கினான். போக்குவரத்து, மருந்து எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம். 2024 இல் தோட்டத் தொழிலாளிக்குத் தீர்மானித்த நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தக் கணக்கில் அது 185 முழுப்பேர், அதாவது 185 நாள் முழுச் சம்பளம். அரைப்பேர் விழாமல், மழை பாராமல், ஏழு மாதத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஒபரேஷன் நன்றாக முடிந்தது, அப்பா சுகமாக இருக்கிறார். ஆனால் நாங்கள் அந்தக் காசைக் கொடுத்தது ஒபரேஷனுக்கு அல்ல, ஒரு திகதிக்கு.

இனிப் பெரியம்மா.

முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்து, பதினெட்டு இருபது கிலோவை மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுக்கிறவர். வலது தொடை மடிப்புக்குக் கீழே எலுமிச்சங்காய் போல ஒரு கட்டி. “நெறி கட்டியிருக்கு புள்ள, தானா போயிரும்” என்றே பல மாதம் இருந்தார். ஆண் வைத்தியரிடம் அந்த இடத்தைக் காட்டக் கூச்சம். நான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். கிளினிக்கில் பார்த்துவிட்டு ஹேர்னியா என்று ஆங்கிலத்தில் கொப்பியில் எழுதினார்கள். பட்டியலில் பேர் பதிந்தார்கள். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே சொல், ஒரே பட்டியல். ஏதாவது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். பெரியம்மா தலையாட்டிவிட்டு வந்தார்.

பிறகு நானே தேடிப் படித்ததை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் எங்கள் லயங்களில் யாருக்கும் தெரியாது. 2006 இல் வட அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. கவட்டுக் குடலிறக்கம் இருந்தும் பெரிய வலி இல்லாத 720 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு உடனே ஒபரேஷன் செய்தார்கள், மற்றவர்களைக் கவனித்தபடி காத்திருக்க விட்டார்கள். காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் இரண்டு வருடத்துக்குள் நாலில் ஒருவர் அளவில் ஒபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். அதனால் அப்பா மாதிரி ஆட்கள் பயமில்லாமல் கொஞ்ச நாள் பொறுக்கலாம், என்றாலும் பட்டியலில் மறந்து போய்விடக் கூடாது. அந்த ஆய்வில் பெண்கள் யாரும் இல்லை. பெண்களுக்குக் கணக்கு வேறு. பெரியம்மாவுக்கு வந்தது தொடைக் குடலிறக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது அது. இரத்தக் குழாய் போகிற ஒடுக்கமான வழியால் குடல் இறங்குகிறது. வழி ஒடுக்கம், விளிம்பு விறைப்பு, ஆகவே சிக்கினால் லேசில் திரும்பாது. பெண்ணுக்குக் கவட்டில் குடலிறக்கம் என்றால் தாமதிக்காமல் செய்துவிடுங்கள் என்பதே 2018 இல் வந்த சர்வதேச வழிகாட்டலின் போக்கு.

ஒரு ராத்திரி பெரியம்மாவுக்கு வாந்தி. வாயு என்று நினைத்து இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தார். அடுத்த நாளும் வாந்தி நிற்கவில்லை, வயிறு ஊதிவிட்டது. கட்டி கல் மாதிரி ஆகி, மேலே தோல் சிவந்திருந்தது. அதை அவர் என் அம்மாவிடம் காட்டியது இரண்டாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைத்தோம். வண்டி பெரிய ரோட்டு வரைக்கும் வந்தது, லயத்துக்கு வர ரோட்டு இல்லை. கம்பளியில் படுக்க வைத்து நாலு பேர் குறுக்குப் பாதையில் தூக்கிக் கொண்டு இறங்கினார்கள், அப்பாவைத் தூக்கவிடவில்லை. அன்றிரவே ஒபரேஷன். சிக்கியிருந்த குடலில் ஒரு துண்டு செத்துப் போயிருந்தது, வெட்டி எடுத்தார்கள். பதினொரு நாள் வாட்டில் இருந்தார்.

பிழைத்துவிட்டார். காப்பாற்றியது அரசாங்க ஆஸ்பத்திரி. ஒரு சதம் வாங்கவில்லை. இரவு முழுக்க நின்ற அந்த வைத்தியரையும் தாதிமாரையும் நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். இலவச வைத்தியம் போதும், தனியாருக்கு விடுங்கள் என்று யாராவது சொன்னால் நானே எதிர்த்து நிற்பேன். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

பட்டியலில் பேர் பதிகிற அன்றைக்கே நோயாளியின் கையில் ஒரு துண்டு கொடுங்கள். அதில் மூன்று விஷயம் இருக்கட்டும்: வரிசையில் எத்தனையாவது ஆள், ஏறத்தாழ எந்த மாதம், ஆபத்து அறிகுறி என்ன. தமிழிலும் சிங்களத்திலும். “ஒன்பது மாதம் ஆகும்” என்று எழுதியிருந்தால் அப்பா ஒன்பது மாதம் இருந்திருப்பார். பாரம் தூக்காத வேலை கொடுங்கள் என்று அந்தத் துண்டைத் தோட்டத்துத் துரையிடம் காட்டியிருப்பார். வருகிற மாதம் கூப்பிடுவார்கள், வருகிற மாதம் கூப்பிடுவார்கள் என்று இருப்பதுதான் மனுசனை அடகுக் கடைக்குத் தள்ளுகிறது. மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக் வாசலில், பேர் வேண்டாம், இலக்கத்தை மட்டும் ஒட்டுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதை எழுத்தில் கேட்டுப் பெறலாம்தான். ஆனால் கொழுந்து பறிக்கிற பெண் தன் முறை எப்போது என்று தெரிந்துகொள்ள விண்ணப்பம் போட வேண்டுமா?

அப்புறம், அந்தப் பட்டியலை ஒரே வரிசையாக வைக்காதீர்கள். பெண்கள், தொடைக் குடலிறக்கம், உள்ளே தள்ள முடியாத கட்டி, இவர்களை மேலே எடுங்கள். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், காசும் வேண்டாம். கொப்பியில் ஒரு சிவப்புக் கோடு போதும். எங்கள் பெண்கள் பலர் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும், அவர்களுக்கு விளங்குகிற பாஷையில். தமிழ் தெரிந்த ஒருவர் கிளினிக் நாளில் இருந்தால் பெரியம்மாவின் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஒபரேஷன் இல்லை என்றால் முதல் நாள் பின்னேரம் ஒரு போன் அடியுங்கள். நாலு மணி பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரிந்தால் ஒரு நாள் பேராவது மிஞ்சும்.

ஆட்கள் குறைவு, மருந்து குறைவு என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்ததை நாடே பார்த்தது. ஆனால் குடலிறக்கம் எல்லாவற்றுக்கும் பெரிய தியேட்டரும் முழு மயக்கமும் தேவையில்லை. உகண்டாவில் நடந்து 2016 இல் வெளியான ஆய்வில், இடத்தை மட்டும் மரக்கச் செய்து, கிருமி நீக்கிய கொசுவலைத் துணி வைத்துத் தைத்தார்கள். விலை கூடிய மருத்துவ வலை வைத்தவர்களோடு ஒப்பிட்டால், ஒரு வருடம் கழித்துக் குடல் மீண்டும் இறங்கியதில் சொல்லும்படி வித்தியாசம் இருக்கவில்லை. இங்கே கொசுவலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. டிக்கோயா கிளங்கன் போன்ற ஆதார வைத்தியசாலைகளில், மாதத்தில் ஒரு நாளை அப்பா மாதிரியான லேசான கேஸ்களுக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். 2017 மே மாதம் அந்த 150 கட்டில் கட்டடம் திறந்தபோது எங்கள் சனம் எவ்வளவு சந்தோஷப்பட்டது என்று நேரில் பார்த்தவள் நான். லேசானவை இந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளிலேயே முடிந்தால் பெரியாஸ்பத்திரியில் அவசரமானவர்களுக்கு இடம் வரும்.

அந்தத் துண்டு எப்படி இருக்கலாம் என்று நானே எழுதிப் பார்த்தேன். கட்டி உள்ளே போகாவிட்டால், கல்லாகி வலித்தால், தோல் சிவந்தால் அல்லது கறுத்தால், வாந்தி வந்தால், காற்றுப் பிரியாவிட்டால், கிளினிக் திகதி பார்க்காமல் உடனே வாருங்கள், எதுவும் சாப்பிடாதீர்கள், 1990 க்கு அழையுங்கள். இவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பாஷையிலும் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்கள். ஒன்று எங்கள் டிஸ்பென்சரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, இன்னொன்று கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில். நீங்கள் ஒரு வைத்தியரைக் கொண்டு பிழை திருத்தித் தந்தால், மற்றத் தோட்டங்களுக்கும் எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி,
அட்டன்