கஸ்ஸாலி மேல் போட்ட பழி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இடைக்கால இஸ்லாமிய உலகின் அறிவியல் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாக்தாத் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிய பகுதி அருமை. ஆனால் கடைசி இரண்டு பத்திகளில் கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பதினோராம் நூற்றாண்டு மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை எதிர்த்து ஒரு நூல் எழுதினாராம், அத்தோடு அங்கே அறிவியலுக்கு மூடுவிழா நடந்துவிட்டதாம். இதே வரியை இதற்கு முன்பும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நூலின் முன்னுரையையாவது புரட்டினார்களோ தெரியவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கஸ்ஸாலியும் தத்துவவாதி இப்னு ருஷ்தும் ‘நேருக்கு நேர் மோதினார்கள்’ என்கிறது கட்டுரை. கஸ்ஸாலி ஈரானின் தூஸ் நகரில் காலமானது 1111இல். இப்னு ருஷ்து ஸ்பெயினின் குர்துபாவில் பிறந்தது 1126இல். இடையில் பதினைந்து ஆண்டுகள். கஸ்ஸாலியின் நூலுக்கு இப்னு ருஷ்து தன் மறுப்பை எழுதியது 1180 வாக்கில். அதற்குள் கஸ்ஸாலி மண்ணுக்குள் போய் எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, பிழை யாருக்கும் வரும். என் வருத்தம் வேறு.

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல்லில் நன்றாகத் தெரிந்தது. அரையாண்டு விடுமுறைதான், ஆனாலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அட்டையில் ஊசித்துளை போட்டு, வெளிச்சத்தைச் சுவரில் விழ வைத்தோம். ஒன்பதரை மணி வாக்கில் சுவரில் ஒரு சின்ன வெளிச்ச வளையல். அந்த நேரத்தில் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் கேட்டான்: “சார், நிலா குறுக்க வந்து மறைக்குதுன்னு நீங்க சொல்றீங்க. அப்புறம் எதுக்கு அங்க தொழுறாங்க?” ‘அது நம்பிக்கை, இது அறிவியல்’ என்று எதையோ சொல்லி நழுவிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான், 1095இல் எழுதி முடிக்கப்பட்ட அந்த ‘அறிவியலைக் கொன்ற’ நூலைக் கையில் எடுத்தேன். ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்று பெயர். தத்துவவாதிகளின் தடுமாற்றம் என்று சொல்லலாம். முன்னுரையிலேயே எங்கள் பையனின் கேள்வி உட்கார்ந்திருக்கிறது! பூமி நடுவில் வருவதால் சந்திர கிரகணம், பார்ப்பவனுக்கும் சூரியனுக்கும் நடுவில் நிலா வருவதால் சூரிய கிரகணம் என்று கஸ்ஸாலி விளக்குகிறார். இதெல்லாம் கணக்கும் வடிவியலும் நிரூபித்தவை, சந்தேகத்துக்கு இடமில்லை, மார்க்கத்தின் பெயரால் இதை மறுக்கக் கிளம்புகிறவன் மார்க்கத்துக்கே கெடுதல் செய்கிறான் என்கிறார். அறிவில்லாத நண்பனைவிட அறிவுள்ள பகைவன் மேல் என்ற பழமொழியையும் எடுத்துப் போடுகிறார்.

அப்படியானால் தொழுகை? நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. குழந்தை இறந்ததால்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் வருவதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள் என்றார் நபி. இந்த நபிமொழியை எடுத்துக்கொண்டு கஸ்ஸாலி கேட்கிறார்: சூரியன் உச்சி சாயும்போதும் மறையும்போதும் தொழச் சொல்கிற மார்க்கம், மறைக்கப்படும்போதும் தொழச் சொன்னால் அதில் என்ன முரண்? சூரியன் ஏன் மறைகிறது என்று தெரிந்தவன் மக்ரிப் என்ற அந்திநேரத் தொழுகையை விட்டுவிடுகிறானா என்ன? (இந்தக் கடைசி வரி என்னுடையது.) அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பையனிடம் நழுவியிருக்க மாட்டேன்.

பிறகு கஸ்ஸாலி யாரோடு சண்டை போட்டார்? கணக்கில் காட்டுகிற அதே உறுதியை, உலகம் தொடக்கமில்லாததா, இறைவனுக்குத் தனித்தனிப் பொருள்கள் தெரியுமா என்பதிலும் கொண்டாடிய, தத்துவவாதி இப்னு சீனாவின் வழியினரோடு. இருபது கேள்விகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் மூன்றுக்கு இறைமறுப்பு என்று தீர்ப்பும் எழுதினார். அந்தத் தீர்ப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வாதத்தை வாதத்தால் எதிர்கொண்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் தண்டனையைக் கொண்டுவந்து வைப்பது அழகில்லை. இப்னு சீனா இறந்தே அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது வேறு விஷயம்.

பஞ்சும் நெருப்பும் பற்றிய பதினேழாம் விவாதத்தைத்தான் அவர் அறிவியலைக் கொன்றதற்குச் சான்றாக எல்லாரும் காட்டுவார்கள். நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதை நாம் பார்க்கிறோம், நெருப்பு ‘எரிக்கிறது’ என்பதைப் பார்க்கவில்லை என்கிறார் கஸ்ஸாலி. எரிய வைப்பது இறைவன், இரண்டும் சேர்ந்தே வருவது நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இதற்கு எதிராளி என்ன சொல்வான் என்பதையும் அவரே எழுதிவிடுகிறார்: அப்படியானால் நான் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாக மாறி, நூலக அறையில் சாணம் போட்டுக்கொண்டிருக்கலாமே! அப்படி நடக்காது என்ற அறிவையும் இறைவன் நமக்குள் வைத்திருக்கிறான் என்பது அவர் பதில். முப்பது ஆண்டு இயற்பியல் நடத்திய எனக்கு இந்தப் பதில் போதவில்லை. காரணங்களை மறுக்கிறவன் அறிவையே மறுக்கிறான் என்ற இப்னு ருஷ்தின் பக்கம்தான் நான். ஆனால் வாதத்தில் தோற்பது வேறு, அறிவியலைக் கொல்வது வேறு.

இதே மனிதர்தான் ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது ஊரில் சிலராவது கட்டாயம் கற்றாக வேண்டிய கடமை என்கிறார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை, எல்லாரும் ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டம் படிக்கத்தான் முண்டியடிக்கிறார்கள் என்று அங்கலாய்க்கிறார். காரணத்தையும் ஒளிக்கவில்லை. சட்டம் படித்தால் பதவி கிடைக்கும், வக்ஃபு சொத்து கைக்கு வரும், மருத்துவத்தில் அதெல்லாம் கிடைக்காது!

மூடுவிழாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பார்ப்போம். 1259இல் ஈரானின் மராகாவில் வானாய்வகம் எழும்பியது. நடத்தியவர் வானியலாளர் நஸீருத்தீன் தூஸி, பணம் கொடுத்தவர் முந்தைய ஆண்டு பாக்தாத்தை அழித்த அதே மங்கோலியத் தலைவர் ஹுலாகு கான். 1288இல் இறந்த மருத்துவர் இப்னு நஃபீஸ், இதயத்தின் வலப்பக்க ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். அவர் ஷாஃபி சட்ட அறிஞரும்கூட, கஸ்ஸாலியின் அதே மத்ஹபு, அதாவது சட்டப் பிரிவு. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் வேலையில் இருந்த இப்னு ஷாதிர் நிலவுக்கு வகுத்த கணித அமைப்பும், சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பர்நிக்கஸ் எழுதியதும் ஒன்றேதான். சமர்கந்தின் ஆட்சியாளர் உலுக் பேக்கின் விண்மீன் பட்டியல் 1437ஐச் சேர்ந்தது. கஸ்ஸாலி இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல்!

1449இல் உலுக் பேக் கொல்லப்பட்டார், அவருடைய வானாய்வகம் பாழாய்ப் போனது. கட்டடம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க 1908 ஆயிற்று. இப்னு நஃபீஸ் எழுதியது பெர்லினில் ஓர் அரபுச் சுவடியில் உலகின் கண்ணில் பட்டது 1924இல்தான். அதுவரை படிக்காமல் வைத்திருந்தவர்களின் கணக்கையும் கஸ்ஸாலி தலையில் எழுத முடியாது.

கட்டுரையாளரின் கருத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுத் திருத்தத்தை மட்டுமாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.