வர்ஜீனியா: அதிர்ஷ்டம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் 2018-19 சீசன் பற்றிய கட்டுரை படித்தேன். 35 வெற்றி, 3 தோல்வி, சாம்பியன் பட்டம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் 'அதிர்ஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

அரையிறுதியை வைத்துச் சொன்னால் மறுக்க முடியாது. ஆபர்ன் அணிக்கு எதிராக வர்ஜீனியாவின் டை ஜெரோம், குதிகாலில் பட்டு நழுவிய பந்தை இரு கையாலும் பிடித்து மறுபடி தரையில் தட்டி ஓட்டினார். விதிப்படி அது அப்பட்டமான தவறு ('டபுள் டிரிப்பிள்'), ஆனால் நடுவரின் விசில் வரவில்லை. பிறகு 0.6 நொடி மிச்சமிருக்கையில் அதே அணியின் கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும், ஆளுக்கு ஒரு புள்ளி தரும் எறிதல்கள்) போட்டு 63-62 என்று வென்றுகொடுத்தார். அந்த மூன்றும் நடுவர் போட்டுத் தந்தவை அல்ல!

கட்டுரை தொடாத விஷயம் வேறு. அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னட்டின் 'பேக் லைன்' தடுப்பு அவர் அப்பா டிக் பென்னட் உருவாக்கியது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார். மற்ற நால்வரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) ஏறக்குறைய இரண்டு அடி உள்ளே நின்று, பந்தோடு உள்ளே நுழையும் வழியை அடைப்பார்கள். வெளியே பாஸ் போனால் அவரவர் ஆளிடம் ஓட வேண்டும். பாஸ் வேகமாகச் சுற்றி, ஷூட்டர் தயங்காமல் போட்டால், ஓடுபவர் அரை அடி பிந்துவார். அதுதான் ஓட்டை.

2018 தேசியத் தொடரின் முதல் சுற்றில் யு.எம்.பி.சி. (மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்டி) அணி அதைப் பிடித்துக்கொண்டது. பாதியில் 21-21, முடிவில் வர்ஜீனியாவுக்கு 74-54 என்று தோல்வி. எதிரணி மூன்று புள்ளி எறிதல்களில் 24க்கு 12 போட, வர்ஜீனியா 22க்கு 4. மெதுவாக ஆடும் அணி பின்தங்கினால் எட்டிப் பிடிக்க வாய்ப்பே குறைவு. மணிக்கட்டு முறிந்த வர்ஜீனியா வீரர் டி'ஆண்ட்ரே ஹன்டரும் அன்று இல்லை.

மறுவருடம் ஓட்டை அடைபட்டதா? இல்லை. பர்டூ அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் 10 மூன்று புள்ளி எறிதல்களோடு 42 புள்ளிகள் எடுத்தார். மாறியது தாக்குதல்தான். முதலாண்டு மாணவர் கிஹேய் கிளார்க் பந்தைக் கொண்டுவரும் வேலையில் பங்கெடுத்ததால் ஜெரோமும் கைல் கையும் ஸ்கிரீன்களை (தடுப்பவரை மறித்து நிற்கும் சக வீரர்களை) சுற்றி ஓட முடிந்தது. இறுதிப் போட்டியில் டெக்சாஸ் டெக்கிடம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது, ஜெரோம் உள்ளே நுழைந்து தடுப்பை இழுத்துக்கொண்டு மூலையில் நின்ற ஹன்டருக்குக் கொடுத்தார்; அவர் மூன்று புள்ளி போட்டார். 68-68. ஓவர்டைமில் 85-77 என்று வெற்றி. ஹன்டர் மட்டும் 27.

இதைப் பார்த்து நம் கல்லூரி அணிகளுக்குப் பேக் லைன் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வர்ஜீனியா அன்று ஆடிய மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலம். நாம் ஆடும் ஃபீபா (சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பு) கோடு 6.75 மீட்டர், அதாவது ஓர் அடிக்கு மேல் தள்ளி. வர்ஜீனியா நின்ற இடத்திலேயே நின்றால் ஓட வேண்டிய தூரம் கூடும். நிற்கும் கோட்டையும் வெளியே நகர்த்தினால், ஆட்களுக்கு நடுவே பந்தோடு நுழைய இடம் விடும். முதலில் கால் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை முடிவு செய்யுங்கள்.

கூடைப்பந்துப் பயிற்சியாளர்,
தூத்துக்குடி