ஆசிரியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொறுப்பாளர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆசிரியர் தின விழா நடந்தது. பணி நிறைவு பெற்றவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தோம். ஊதிய நிலுவை, பணிப்பதிவேடு தொடர்பான மனுக்களை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்தோம். சில தீர்ந்தன, மற்றவை தொடர்கின்றன.

உறுப்பினர்கள் சனிக்கிழமைகளில் கூடி, தங்கள் வகுப்பறை அனுபவத்தைக் கட்டுரையாக எழுதப் பழகும் எழுத்துப் பயிற்சி வட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். "இதெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு முறையான பதில் தரவேண்டியது செயலாளரின் கடமை.

அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் நம் ஆசிரியர்கள் பேசுவதைக் கேளுங்கள். எந்தக் குழந்தை எங்கே தடுமாறியது, எதைச் சொன்னதும் புரிந்துகொண்டது என்று அவ்வளவு நுட்பமாகச் சொல்வார்கள். அதையே எழுதித் தாருங்கள் என்றால், கல்வியின் பெருமையில் தொடங்கி, "கற்றல் அடைவு மேம்பட்டது" என்று முடியும் ஒரு பக்கம் வருகிறது. இதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. பணியில் சேர்ந்த நாள் முதல் நாம் எழுதுவதெல்லாம் மேலிடத்துக்கு: பாடக்குறிப்பு, எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவு, விளக்கக் கடிதம். அவற்றில் குறை எதுவும் தெரியக்கூடாது. சக ஆசிரியர் தேடிப் படிப்பதோ, பாடம் தடைப்பட்ட இடத்தை.

ஆகவே வட்டத்தில் முதலில் எழுதச் சொல்வதில்லை. ஒரே ஒரு பாடவேளையை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்விக்குச் சொன்ன பதில்தான் கட்டுரை. தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் இடமதிப்பு பற்றி எழுதி வந்த முதல் வரைவில் குழந்தையே இல்லை. கேட்கக் கேட்கத்தான் வந்தது: முந்நூற்று ஐந்து என்று சொன்னால் வகுப்பில் பலர் 3005 என்று எழுதினார்கள். முந்நூறு காதில் விழுந்ததும் 300, பின் ஐந்து விழுந்ததும் 5. குச்சிக் கட்டுகளை எண்ணச் சொன்னபோது சரியாக எண்ணினார்கள். எழுதும்போது மீண்டும் 3005. 300 என்ற அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 என்ற அட்டையை வைத்து மூடிக் காட்டிய பிறகே மாறியது. குச்சிக் கட்டு பயன்படாமல் போனதை எழுதலாமா என்று தயங்கினார். அதை விட்டால் கட்டுரையே இல்லை என்று வட்டம் ஒருமனதாகச் சொன்னது. ஐந்தாம் வரைவு 3005 என்ற எண்ணில் தொடங்குகிறது. இந்த ஆண்டில் சங்கம் செய்தவற்றில் அதைவிடப் பெரிதாக எதையும் நான் கருதவில்லை.

அரசு ஊழியர் நடத்தை விதிகளை நினைத்துப் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். துறையை விமர்சிப்பது வேறு, வகுப்பறை அனுபவத்தைப் பகிர்வது வேறு. குழந்தையின் பெயரை மாற்றுங்கள். அனுமதி இல்லாமல் படம் போடாதீர்கள். ஐயம் இருந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

அனுப்ப இடம் இல்லை என்பதும் சரியல்ல. 2022இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய 'கனவு ஆசிரியர்' ஆசிரியர்களுக்கான இதழ். குழந்தைகளுக்கு அறிவியல் எழுத விரும்புவோருக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் 'பிரைமரி டீச்சர்', 'ஸ்கூல் சயின்ஸ்' இருக்கின்றன. அனுப்புமுன் அந்த இதழின் சில பிரதிகளையாவது படித்திருக்க வேண்டும். திரும்பி வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை இதைச் செய்யாதவை.

ஓர் எச்சரிக்கை. "பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியீடு, ஐ.எஸ்.எஸ்.என். உண்டு" என்ற வாட்ஸ்அப் விளம்பரங்களை நம்பி நம் உறுப்பினர்கள் பணம் இழந்திருக்கிறார்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடுகளை அடையாளம் காட்டும் எட்டு இலக்கக் குறியீடு மட்டுமே; தரச் சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தரமான ஆய்விதழ்கள் என்று தான் வெளியிட்டுவந்த 'கேர்' பட்டியலையும் கைவிட்டுவிட்டதால், இதழின் ஆசிரியர் குழு யார், கட்டுரையை யார் மதிப்பிடுகிறார்கள் என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வருத்தத்துடன் ஒன்றைப் பதிவு செய்கிறேன். வட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூடத் தொடர்ந்து வரவில்லை. தேர்தல் பணி, பயிற்சி, வீட்டுச் சூழல் எல்லாம் அறிவேன். குறிப்பாக, வீட்டுப் பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியைகளுக்குச் சனிக்கிழமை எளிதல்ல. ஆனால் வர இயலாது என்று ஒரு வரி தெரிவிக்கலாம். பிறருடைய வரைவை வாங்கிச் சென்று, படிக்காமலே வைத்திருப்பது எழுதியவரின் துணிவைக் கெடுக்கிறது. எழுத வந்து, கருத்து வராததால் நின்றுபோனவர்களை மீண்டும் அழைத்து வருவது மிகக் கடினமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையுமே வரவு. கூட்டச் செலவு, நகல், தேநீர், அஞ்சல் ஆகியவை செலவு. சிறிய தொகை கையிருப்பில் உள்ளது. விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஈராண்டுகளுக்கு மேல் சந்தா நிலுவை வைத்திருப்போரின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்க நான் விரும்பவில்லை.

தலைவர், துணைத் தலைவர், தணிக்கையாளர், இடம் தந்த பள்ளித் தலைமையாசிரியர், வரைவுகளைப் பொறுமையாகத் திருத்தித் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் உறுப்பினர் கட்டுரைகளைத் தொகுத்துச் சிறு மலராக அச்சிட வேண்டும் என்பது என் விருப்பம். தற்போதைய கையிருப்பில் அது முடியாது. நிலுவைச் சந்தா வந்தால் அச்சுக் கூலிக்குப் போதும். கணினித் தட்டச்சுக்கும் மெய்ப்புப் பார்க்கவும் இருவர் வேண்டும். இளைய உறுப்பினர்கள் முன்வந்தால், செயலாளர் பொறுப்பையே அடுத்து அவர்களில் ஒருவர் ஏற்கலாம். அடுத்த கூட்டம் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, வழக்கமான இடத்தில். சந்தாவுடன், உங்கள் வகுப்பில் நடந்ததைப் பற்றிய ஒரு பக்கத்தையும் கொண்டு வாருங்கள்.

இவண்,
செயலாளர்