அரைப் புள்ளியில் நழுவிய நான்காம் பட்டம்: டாம் ஸ்டோல்ட்மனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டாம் ஸ்டோல்ட்மன் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே மாதம் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் நடந்த 'உலகின் மிக வலிமையான மனிதர்' போட்டியின் முடிவுகளைப் பார்த்ததும் உங்களுக்கு எழுதத் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் ரெய்னோ நெல் 47 புள்ளிகளுடன் முதலிடம், நீங்கள் 46.5 புள்ளிகளுடன் இரண்டாமிடம். கனடாவின் மிட்செல் ஹூப்பர் மூன்றாமிடம்.

இறுதிச் சுற்றில் பத்துப் பேர். ஒவ்வொரு பந்தயத்திலும் முதலில் வருபவருக்கு 10, கடைசியில் வருபவருக்கு 1 எனப் புள்ளிகள் இறங்குகின்றன. இருவர் சமமாக முடித்தால் அவ்விரு இடங்களுக்குரிய புள்ளிகள் பகிரப்படுவதால் அரைப் புள்ளி உண்டாகிறது. ஓரிட வித்தியாசத்துக்கே ஒரு புள்ளி என்னும்போது, உங்களுக்கும் பட்டத்துக்கும் நடுவே நின்றது அதில் பாதிதான். முதன்முறை இப்போட்டிக்கு வந்து, ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே முதல் பட்டத்தைப் பெற்றுத் தந்த நெல்லின் வெற்றி முழுமையானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆயினும் "ஸ்டோல்ட்மன் தோற்றார்" என்று சொல்லிக் கடந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020இல் உக்ரைனின் ஒலெக்சி நோவிகோவுக்கு அடுத்த இடம், 2021இலும் 2022இலும் பட்டம், 2023இல் ஹூப்பருக்கு அடுத்த இடம், 2024இல் மீண்டும் பட்டம், 2025இல் இரண்டாமிடம்: ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நீங்கள் இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. தரையிலிருந்து தூக்குவது, தலைக்குமேல் உயர்த்துவது, பாரத்தைச் சுமந்து ஓடுவது, பிடி தளராமல் தாங்கி நிற்பது என ஒன்றுக்கொன்று பகையான திறன்களைக் கேட்கும் விளையாட்டு இது. கைத்தசை ஒன்று கிழிந்தால் அந்த ஆண்டே போய்விடும். பட்டங்களை மட்டும் எண்ணும் பட்டியலில் இந்தத் தொடர்ச்சிக்கு இடமில்லை என்பதே என் வருத்தம்.

நீங்கள் கல் தூக்குவதைப் பார்க்கும்போது எங்கள் தென்மாவட்டத்து ஊர்களின் இளவட்டக்கல் நினைவுக்கு வரும். குனிந்து அணைத்து, தொடைமேல் ஏற்றி, மூச்சைக் கூட்டி, இடுப்பை நிமிர்த்தி மேலே கொண்டுசெல்லும் அந்த முறை இங்கும் அதுவேதான். 2020இல் நீங்கள் தூக்கிய 286 கிலோ உருண்டைக் கல்லைப் பற்றிச் சொன்னால், ஊர்ப் பெரியவர்கள் எடையை இரண்டாம் முறை கேட்கிறார்கள்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் உங்களைப் பற்றி அடிக்கடிப் பேசுகிறேன். சிறுவயதிலேயே ஆட்டிசம் கண்டறியப்பட்ட உங்களை, அண்ணன் லூக் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றதையும், ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் என்ற சிற்றூரில் மாறாத ஒழுங்குடன் நீங்கள் பயிற்சி செய்துவருவதையும் சொல்வேன். எல்லாப் பிள்ளைகளும் உங்களைப் போல் வருவார்கள் என்று நான் சொல்வதில்லை. அது பெற்றோரை ஏமாற்றுவதாகும். ஒரே செயலைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். இனி அவர்களிடம் உங்கள் மூன்று பட்டங்களோடு, இந்த 46.5 புள்ளிகளையும் சேர்த்தே சொல்வேன்.

உடல் அனுமதிக்கும்வரை தொடர்ந்து போட்டியிடுங்கள். லூக் அவர்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை