த்ரில்லர் படமும் தாமதமாக வருபவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் தியேட்டர்களில் த்ரில்லர் படம் ஓடும்போது முதல் பத்து நிமிடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செல்போன் டார்ச் அடித்து சீட் தேடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வழி விடுகிறார்கள். இந்த வகைப் படத்துக்கு உயிரே அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் இருவர் பேசுகிறார்கள். அது திடீரென வெடித்தால் நமக்கு 15 விநாடி அதிர்ச்சி. ஒரு மணிக்கு வெடிக்கும் என்று முன்பே தெரிந்து, சுவர்க் கடிகாரமும் 12.45 காட்டினால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடம் நம்மைப் பதற வைக்கும். த்ரில்லர் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் தந்த விளக்கம் இது. 1958-இல் ஆர்சன் வெல்ஸ் 'டச் ஆஃப் ஈவில்' படத்தை இப்படித்தான் தொடங்கினார். ஒரு கை டைமரைத் திருகுகிறது. குண்டு கார் டிக்கிக்குள் போகிறது. பிறகு மூன்று நிமிடத்துக்கு மேல், கட்டே இல்லாமல், கேமரா தெருவோடு நகர்கிறது. கார் நிற்கும் இடத்திலெல்லாம் வயிற்றைக் கலக்கும். அரை நிமிடம் தாமதமாக வந்தவருக்கோ கடைத்தெருவில் ஒரு கார் ஊர்கிறது, அவ்வளவுதான்.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) வேறு வழி. துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகனே விழுகிறான். சுட்டவர் யார் என்பது மட்டும் மறைக்கப்படுகிறது. பாட்டே இல்லாத அந்தப் படத்தைக் கடைசிவரை இழுத்துச் செல்வது அந்த ஒரு கேள்விதான்.

இத்தகைய தொடக்கங்களில் பின்னணி இசையை அடக்கி, காலடியையும் கதவுக் கீலின் கிறீச்சையும் கேட்க வைப்பார்கள். பாப்கார்ன் பொட்டலம் கசங்கினாலே அது போய்விடும். டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தால், நிழலில் வைத்த துப்பு தெரியாது. இதற்கு அஞ்சியோ என்னவோ, சில இயக்குநர்கள் எல்லாவற்றையும் பின்னணிக் குரலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பதிலை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிறகு எதற்குக் காத்திருப்பது?

1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று நிபந்தனையே போட்டார் ஹிட்ச்காக். கிரீன் சர்க்கிள் நெரிசலில் சிக்கி வருகிறவர்களிடம் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். விளம்பரம் முடிந்து படம் தொடங்கும் நேரத்தை டிக்கெட்டில் தனியாக அச்சிடலாம். தாமதமாக வருபவர்களை முதல் காட்சி முடியும்வரை கதவை ஒட்டிய இருக்கைகளில் உட்கார வைக்கலாம். படிவிளக்குகள் ஒழுங்காக எரிந்தால் டார்ச்சே தேவைப்படாது. வேலூர், காட்பாடி தியேட்டர்காரர்கள் அடுத்த த்ரில்லர் ரிலீஸிலேயே இதைச் செய்ய வேண்டும்.

– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்