அந்தப் படத்தை ஒரு ஞாயிறு போட்டு விடுங்கள்

யாழ். நகரில் படம் காட்டும் ஐயாமாருக்கு,

வணக்கம். போன ஞாயிறு காலைக் காட்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கிழமையாக 'பாக் டு த ஃபியூச்சர்' என்ற பழைய இங்கிலிஷ் படத்தின் போஸ்டர் உங்கள் சுவரில் இருந்தது. வாசலில் 19 பேர் நின்றோம். "ஆக்கள் காணாது, இதே ரிக்கற்றில் புதுப்படம் பாருங்கோ" என்றார்கள்.

அந்த 19 பேரில் என் அப்பாவும் ஒருவர். வயது 76, முழங்கால் நோவு. காரைநகரிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்தவர். படியில் துவாயை விரித்து இருந்தார். "அப்பப்பா, இனிப் போடமாட்டினமோ?" என்று என் எட்டு வயது மகன் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. ரிக்கற்றை நாலாக மடித்துச் சேட் பொக்கற்றுக்குள் வைத்தார். தோய்க்க எடுக்கும்போதுதான் அதைக் கண்டேன்.

அந்தப் படத்தை அவர் முதலில் பார்த்தது 1992இல், எங்கள் ஒழுங்கையில் ஒரு முற்றத்தில். கரன்ற் இல்லாத காலம். ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு. கார் காலம் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காக மணிக்கூட்டுக் கோபுரத்தில் விழும் மின்னலைக் கம்பியால் பிடிக்கிற டொக் என்ற விஞ்ஞானியைப் பார்த்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, முன்னுக்குச் சரிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பிப் போத்தலால் கார்பரேற்றருக்குள் துளி பெற்றோல் ஊதி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர் அவர். "சரியான வேலைக்காரன்" என்று அடுத்த நாளும் சொன்னார்.

கதையை எழுதிய இருவரில் ஒருவரான பொப் கேல், தன் தகப்பனின் பள்ளிக்கூட ஆண்டுமலரைப் பார்த்தபோது, 'அந்த வயதில் இவரோடு நான் கூட்டாளியாக இருந்திருப்பேனா' என்று யோசித்ததில் பிறந்த படம் அது. 1985இல் இருக்கிற பெடியன் 1955க்குப் போய்த் தன் தாய் தகப்பனைத் தன் வயதில் காண்கிறான். 40 வருடம் கழிந்தும் அது பழசாகாததற்குக் காரணம் காரல்ல, அந்தச் சந்திப்புத்தான்.

என் மகன் 30 வருடம் பின்னால் போனால் எங்கே இறங்குவான்? யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவுக்குப் பக்கத்தில். மழைக்குள், நாவற்குழிப் பக்கம் நகரும் சனத்துக்குள், சைக்கிளில் மூட்டை கட்டி உருட்டிப் போகிற ஒரு மனிசனைக் காண்பான். அது அவனுடைய அப்பப்பா. இதை அவனுக்கு இருத்திவைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது, "நீங்கள் அப்ப என்ன செய்தீங்கள், அப்பப்பா?" என்று அவனாகவே கேட்பான் என்று நினைத்துத்தான் மூவரும் வந்தோம்.

அதற்குப் பதிலாகத் தந்த புதுப்படத்தில் பத்து நிமிசத்துக்குள் கழுத்து வெட்டு. மகனின் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தோம். பேரனும் அப்பப்பாவும் பக்கத்தில் இருந்து சிரிக்கக்கூடிய படம் இந்த ஊரில் வருடத்துக்கு எத்தனை போடுகிறீர்கள்? பண்டிகைக்கு வருவதும் வெட்டுக்குத்துத்தான். பிள்ளைகள் போனைக் குனிந்து பார்க்கிறார்கள் என்று குறை சொல்கிறோம். நிமிர்ந்து பார்க்க நாங்கள் என்ன வைத்திருக்கிறோம்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தை ஒரு ஞாயிறு காலை, இடையில் வெட்டாமல், தமிழ் எழுத்து ஓடும் பிரதியாகப் போட்டு விடுங்கள். அப்பாவுக்கு இப்போது காது மட்டு. ஆள் சேர்ப்பது உங்கள் கவலை என்றால் எங்கள் ஒழுங்கையையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிவருவது என் பொறுப்பு. 19 பேர்தான் வந்தாலும் தயவுசெய்து போடுங்கள்.

எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே சொன்னால், அப்பாவை முதல் நாளே வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருப்பேன்.

நன்றியுடன்,
கொக்குவிலிலிருந்து ஒரு பார்வையாளன்